பெக்காமின் கண்ணாடிக் கட்டடம்

வியாதி வந்த பின் மருந்து கொடுப்பதே வைத்தியம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆரோக்கியம் எப்படி வளர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டுமென்ற விசித்திரமான ஆசையுடன், ஜார்ஜ் ஸ்காட் வில்லியம்ஸன், இன்னஸ் பியர்ஸ் என்ற இரு டாக்டர்கள் 1926-ஆம் ஆண்டில் தென் லண்டனின் பெக்காம் பகுதியில் ஒரு சிறு வீட்டைப் பிடித்து அமர்ந்தார்கள். அங்கிருந்தவர்கள் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், சிறு கடைக்காரர்கள். பரம ஏழைகளல்லர், ஆனாலும் வாரச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள். டாக்டர்கள் பரிசோதித்துப் பார்த்தபோது, தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தவர்களிடத்தும் ஏதேனும் கோளாறு இருந்தது. அதைவிட வருத்தம் தந்தது, சிகிச்சை பெற்றவர்கள் அதே இடுக்கான அறைகளுக்கும் அதே அலுப்புக்கும் திரும்பி, மீண்டும் பழைய நிலையையே அடைந்தது.

ஆகவே 1929-இல் அவ்வீட்டை மூடிவிட்டு, 1935-இல் ஓவன் வில்லியம்ஸ் என்ற பொறியியல் நிபுணரைக்கொண்டு கான்கிரீட்டாலும் கண்ணாடியாலும் ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய் நடந்தே வரக்கூடிய தூரத்தில் வசிக்கும் குடும்பங்களுக்கு மட்டுமே அங்கே அங்கத்தினர் உரிமை. குடும்பத்துக்கு வாரம் 1 ஷில்லிங் சந்தா. எல்லோரும் காலாகாலத்தில் வைத்தியப் பரீட்சைக்கு உட்பட வேண்டும். கண்டதைக் குடும்பத்தின் முன் எடுத்துச் சொல்வதோடு டாக்டரின் வேலை முடிந்தது. சிகிச்சைக்கு வேறிடம் போக வேண்டும்.

கட்டடத்தின் நடுவே இருந்தது நீச்சல் குளம். சிற்றுண்டிச் சாலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்திரீ, கண்ணாடிச் சுவருக்கப்பால், தன்னைப்போலவே தேகம் பருத்த அடுத்த தெருக்காரி தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கை வீசுவதைப் பார்ப்பாள். இன்று சிரிப்பாள், நாளையும் பார்ப்பாள், என்றாவது ஒரு நாள் தானும் இறங்கிவிடுவாள். ‘தினம் நடக்கவும்’ என்று சீட்டில் கிறுக்கிக் கொடுக்கும் நம் காலத்து வைத்தியர்களைக் காட்டிலும் இந்தக் கண்ணாடிச் சுவர் கெட்டிக்கார வைத்தியன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறுவர்கள் விஷயத்தில் முதலில் ரகளைதான். ஓடினார்கள், உடைத்தார்கள். கால அட்டவணையும் ஆசிரியரும் பயன்படவில்லை. லூசி கிராக்கர் என்ற அம்மையார், பந்து, கயிறு, சக்கரக் காலணி முதலிய சாமான்களைப் பிள்ளைகளே எடுத்து விளையாடும்படி விட்டார். ஒரு சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். யாரும் அதட்டாமலே மெல்ல மெல்ல ஒழுங்கு வந்தது. அந்தச் சீட்டுகள், எந்தப் பிள்ளை எதில் ஈடுபட்டான் என்பதற்கு ஆராய்ச்சியாளருக்குக் குறிப்பாகவும் உதவின.

1939-இல் யுத்தம் வந்து கதவை அடைத்தது. 1946-இல் அங்கத்தினர்களின் ஊக்கத்தாலேயே மறுபடி திறந்தார்கள். ஆனால் 1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்து, நோயாளி எவராயினும் காசில்லாமல் வைத்தியம் பெறலாம் என்ற மகத்தான ஏற்பாடு நடந்தபோது, சந்தா கேட்கிற, சுற்றுவட்டாரத்தாரை மட்டும் சேர்க்கிற, நோயில்லாதவர்களையும் கவனிக்கிற இந்த ஸ்தாபனத்துக்கு அச்சேவையின் சட்டதிட்டத்தில் இடம் இல்லாமற்போயிற்று. பணமும் வறண்டது. 1950-இல் பூட்டினார்கள். கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. உள்ளே தடுத்துக் குடியிருப்புகளாக்கியிருக்கிறார்கள்.