சில்வர் நைட்ரேட் சொன்ன தீர்ப்பு

ப்ளஸ் டூ லேப் ஞாபகம் இருக்கா? உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டா, தயிர் மாதிரி வெள்ளையா வீழ்படிவு வரும். 'குளோரைடு இருக்கு'னு எழுதி மார்க் வாங்கியிருப்போம். அந்தச் சின்ன சோதனைதான் 1890-களில் ஒரு பெரிய சண்டைக்கு நடுவரா நின்றது.

ஒரு பக்கம், கோபன்ஹேகனில் யோர்கென்சன். கோபால்ட்-அம்மோனியா சேர்மங்களைப் பல வருஷமா தயாரித்து அலசியவர். இன்னொரு பக்கம், ஆல்ஃபிரட் வெர்னர். 1893-ல் புதுக் கொள்கையை வெளியிட்டபோது அவருக்கு வயசு 26.

சிக்கல் இதுதான். ஒரு கோபால்ட், மூன்று குளோரின். அம்மோனியாவின் எண்ணிக்கை மட்டும் மாறுது. ஆறு அம்மோனியா இருக்கும் மஞ்சள் சேர்மத்தில் மூன்று குளோரைடும் வீழ்படிவாகுது. ஐந்து இருந்தா இரண்டு. நான்கு இருக்கும் பச்சைச் சேர்மத்தில் ஒன்றுதான். மிச்சம் எங்கே?

அம்மோனியாக்கள் சங்கிலியா கோர்த்திருக்கு, சங்கிலியின் நுனியில் இருக்கும் குளோரின்தான் பிரியும் என்றார் யோர்கென்சன். உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள். அதில் உட்கார்ந்தது எழுந்து வராது, வெளியே நிற்பதுதான் வீழ்படிவாகும் என்றார் வெர்னர்.

இதுவரை இரண்டு கணக்கும் சரியா வருது. மூன்று அம்மோனியா என்றால்? சங்கிலிக் கணக்கில் ஒரு குளோரைடு வரணும். வெர்னர் கணக்கில் பூஜ்யம். கோபால்ட்டின் உறவுக்கார உலோகமான இரிடியத்தில் அப்படியொரு சேர்மத்தை யோர்கென்சனே தயாரித்தார். சில்வர் நைட்ரேட்டுக்குக் குளோரைடு கிடைக்கலை. தன் கொள்கைக்கு எதிரான முடிவை அவர் மறைக்கலை.

உள்ளே, வெளியே என்ற இந்தக் கணக்குதான் மாற்றியங்களையும் பிரித்துக் காட்டுது. ஒரு கோபால்ட், ஐந்து அம்மோனியா, ஒரு புரோமின், ஒரு சல்பேட். இதே கூட்டணியில் இரண்டு பொருட்கள் இருக்கு. ஊதா நிறப் பொருளின் கரைசலில் பேரியம் குளோரைடு விட்டா வெள்ளை வீழ்படிவு: சல்பேட் வெளியே. சிவப்புப் பொருளில் பேரியத்துக்கு எதுவும் வராது. சில்வர் நைட்ரேட்டுக்கு வெளிர்மஞ்சள் வீழ்படிவு: புரோமைடு வெளியே. அயனியாதல் மாற்றியம்னு பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

வெர்னரின் கொள்கைப்படி அந்தப் பச்சைச் சேர்மத்துக்கும் ஊதா நிறத்தில் ஒரு ஜோடி இருக்கணும். 1907-ல் அதை அவர் தயாரித்துக் காட்டினார். யோர்கென்சன் தோல்வியை ஒத்துக்கிட்டார். 1913-ல் வெர்னருக்கு நோபல் கிடைச்சது. ஆனா அந்தக் கொள்கை எழுந்து நின்ற தரை, யோர்கென்சனின் நேர்மையான ஆய்வுக் குறிப்புகள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.