சொல்வதை எழுதுதல்



தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் தினமும் பிள்ளைகளுக்குச் 'சொல்வதை எழுதுதல்' நடத்தியவன் நான். அதே முறையில் ஒரு பெண் எழுத்தாளரானார் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போவார். நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. ஆனால் சரளமாக எழுத வராது. இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அதுதான் 'இந்திரமோகனா' நாடகம். பிறகு தாமே எழுதக் கற்றுக்கொண்டார்.

1925இல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கி, சுமார் 35 வருடம் ஆசிரியராக இருந்து நடத்தினார். துப்பறியும் கதை, காதல் கதை, குடும்பக் கதை என்று 115 நாவல்கள்! 'அனாதைப் பெண்' 1938இல் சினிமாவாகவும் வந்தது. காந்தியைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் கட்டினார். கள்ளுக்கடை மறியல் செய்து சிறைக்கும் போனார். 1956இல் ஒரே மகன் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து மீளாமலே 1960இல் இவரும் காலமானார்.

இங்கிலாந்தில் மேரி எலிசபெத் பிராடன் என்றொருவர் இருந்தார். 1862இல் வந்த 'லேடி ஆட்லியின் ரகசியம்' என்ற மர்ம நாவலால் புகழ் பெற்றவர். அவரும் எண்பதுக்கு மேல் நாவல் எழுதினார், பத்திரிகை நடத்தினார், பிறகு மறக்கப்பட்டார். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான். 'பொழுதுபோக்கு எழுத்து' என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையை அடுத்த பக்கம் புரட்ட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியாருக்குத் தெரியும். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற ஆவல் வந்துவிட்டால் போதும், படிப்பு தானாக வரும். பெண்கள் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் அந்த ஆவலை வீட்டுக்குள் கொண்டு போனவர் இந்த அம்மாள். பெண் கல்வியையும் விதவை மறுமணத்தையும் கதையோடு கதையாகச் சொன்னவர்.

இவர் பெயரை நான் ஒருநாள்கூட வகுப்பில் சொன்னதில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்தப் பதிவு.

பாட்டி வீட்டுப் பரணில் பழைய 'ஜகன்மோகினி' ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.