பாரிஸிலிருந்து கிழக்கு நோக்கி: எல்லைகளைக் கடந்த புகையிரதத்தின் கதை

பாரிஸுக்கும் வியன்னாவுக்கும் இடையிலான இரவுப் புகையிரதமும் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் இடையிலான இரவுப் புகையிரதமும் 2025 டிசெம்பர் நடுப்பகுதியில் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டன. பிரெஞ்சு அரசாங்கம் வழங்கிவந்த மானியத்தை நிறுத்த முடிவெடுத்ததை அடுத்து அவற்றைத் தொடர்ந்து நடத்த முடியாது என்று ஒஸ்திரிய அரச புகையிரத நிறுவனம் அறிவித்தது. வியன்னா சேவை 2021 டிசெம்பரிலும் பெர்லின் சேவை 2023 டிசெம்பரிலும் பெரும் எதிர்பார்ப்புகளுடன் மீள ஆரம்பிக்கப்பட்டவை.

விமானத்தைத் தவிர்த்துப் புகையிரதத்தில் ஐரோப்பாவைக் கடப்போம் என்ற கோஷம் உரத்து ஒலிக்கும் ஒரு காலகட்டத்தில் இவ்வாறு நடந்திருப்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அந்தக் கண்டத்தின் நெடுந்தூரப் புகையிரதங்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. விமானம் எல்லைகளுக்கு மேலாகப் பறந்துவிடுகிறது. புகையிரதமோ வழியிலுள்ள ஒவ்வொரு அரசினதும் சம்மதத்தைப் பெற்றே நகரவேண்டும். வேகத்தையும் கட்டணத்தையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சம்மதத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஜோர்ஜ் நாகல்மாக்கர்ஸ் 1845 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் ஒரு வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். காதல் தோல்வியை மறப்பதற்காகக் குடும்பத்தினர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்ததாகச் சொல்வார்கள். காதலை மறந்தாரோ இல்லையோ, 1860களின் பிற்பகுதியில் அங்கு ஓடிக்கொண்டிருந்த புல்மன் படுக்கைப் பெட்டிகளை அவர் மறக்கவில்லை. ஆனால், அமெரிக்காவில் புல்மன் எதிர்நோக்கியிராத ஒரு பிரச்சினை ஐரோப்பாவில் இருந்தது. அங்கே ஒரே நாடு. இங்கேயோ ஒருவரையொருவர் சந்தேகத்துடன் நோக்கும் பேரரசுகளும் சிற்றரசுகளும். ஒவ்வொரு எல்லையிலும் பயணிகள் இறங்கவேண்டும், பெட்டிகளைத் திறந்து சுங்க அதிகாரிகளுக்குக் காட்டவேண்டும், வேறு புகையிரதத்தில் ஏறவேண்டும்.

நாகல்மாக்கர்ஸ் 1870களில் நிறுவிய வாகோன்-லீ கம்பனிக்குச் சொந்தமாக ஒரு மைல் தண்டவாளமும் இருக்கவில்லை. அதனிடம் இருந்தவை படுக்கைப் பெட்டிகளும் உணவுப் பெட்டிகளும் பணியாளர்களும் மாத்திரமே. அந்தந்த நாட்டு இயந்திரம் அந்தந்த நாட்டின் எல்லைவரை பெட்டிகளை இழுத்துச் செல்லும். பயணிகள் இறங்காமல் உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்த எளிய யோசனையைப் பல புகையிரத நிர்வாகங்களை ஏற்றுக்கொள்ளவைப்பதற்கு அவருக்குப் பத்து வருடங்களுக்கும் மேல் பிடித்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாவது லியோபோல்டின் ஆதரவு அதற்குப் பெரிதும் உதவியது. 1882 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் கூடிய மாநாடு தண்டவாள அகலம் முதலியவற்றில் நாடுகளிடையே ஒருமைப்பாட்டை ஏற்படுத்த முயன்றது. அதுவும் இந்த முயற்சிகளின் காலத்ததுதான்.

1883 ஒக்டோபர் 4 ஆம் திகதி மாலை பாரிஸிலிருந்து 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' கொன்ஸ்தாந்திநோபிளை நோக்கிப் புறப்பட்டது. சுமார் 40 பயணிகள். நாகல்மாக்கர்ஸ் பத்திரிகையாளர்களின் பெறுமதியை அறிந்தவர். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் பாரிஸ் நிருபர் டி புளோவிட்ஸையும் பிரெஞ்சு எழுத்தாளர் எட்மண்ட் அபூவையும் விருந்தினர்களாக ஏற்றிக்கொண்டார். விருந்தோம்பலை அனுபவித்துவிட்டுப் புகழ்மாலை சூட்டும் நிருபர்களை நாம் இன்றும் காண்கிறோம். புளோவிட்ஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. வழியில் ருமேனிய மன்னர் கரோலையும் பயண முடிவில் உதுமானிய சுல்தான் அப்துல் ஹமீதையும் செவ்வி கண்டார். அபூவும் புளோவிட்ஸும் இந்தப் பயணத்தைப் பற்றித் தனித்தனியாக நூல்களை எழுதினார்கள்.

உண்மையைச் சொல்வதானால், அந்தப் புகையிரதம் கொன்ஸ்தாந்திநோபிளைச் சென்றடையவில்லை. ருமேனியாவின் ஜியூர்ஜியூவில் பயணிகள் இறங்கி டன்யூப் நதியைப் படகில் கடந்தனர். மறுகரையில் பல்கேரியாவின் ருசேயிலிருந்து வேறொரு புகையிரதத்தில் கருங்கடல் துறைமுகமான வர்ணாவுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் பயணத்தை நிறைவுசெய்தனர். எல்லாமாக 80 மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரம். சேர்பியாவையும் பல்கேரியாவையும் ஊடறுத்துச் செல்லும் பாதை 1888 இல் பூர்த்தியான பின்னர், 1889 ஜூனிலேயே பாரிஸிலிருந்து இறங்காமல் செல்லக்கூடியதாக இருந்தது. பயண நேரம் மூன்று நாட்களுக்கும் குறைவாகச் சுருங்கியது.

1914 இல் யுத்தம் மூண்டபோது கண்டத்தைக் கடந்த சேவைகள் நின்றுபோயின. அந்த யுத்தம் முடிவுக்கு வந்ததும் ஒரு புகையிரதப் பெட்டிக்குள்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1918 நவம்பர் 11 ஆம் திகதி கொம்பியேன் காட்டில் ஜேர்மனியப் பிரதிநிதிகள் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது வாகோன்-லீ கம்பனியின் 2419 ஆம் இலக்கப் பெட்டியில். உணவுப் பெட்டியாகக் கட்டப்பட்ட அதைப் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் தனது அலுவலகமாக மாற்றியிருந்தார். 22 வருடங்கள் கழித்து, 1940 ஜூன் 22 ஆம் திகதி, ஹிட்லர் அதே பெட்டியை நூதனசாலையிலிருந்து வெளியே இழுத்துவரச் செய்து, அதே இடத்தில் நிறுத்தி, பிரான்ஸைச் சரணடைய வைத்தார். பின்னர் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தப் பெட்டி 1945 இல் அழிந்துபோனது. இன்று கொம்பியேனில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது அதே வகையைச் சேர்ந்த வேறொரு பெட்டி.

வெற்றிபெற்ற நாடுகள் 1919 இல் ஏற்படுத்திய 'சிம்ப்லொன் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' இன்னும் தெளிவான சான்று. ஜேர்மனியையும் ஒஸ்திரியாவையும் தொடாமல் இஸ்தான்புல் செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். சுவிற்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைத்து 1906 இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான சிம்ப்லொன் சுரங்கம் அதற்கு வழிவிட்டது. லொசான், மிலான், வெனிஸ், பெல்கிரேட், சோபியா ஊடாக அந்தப் புகையிரதம் ஓடியது. தோற்றவர்களின் மண்ணைத் தவிர்த்து வரையப்பட்ட பாதை அது. அகதா கிறிஸ்டி 1934 இல் தனது துப்பறியும் நாவலின் மூலம் உலகப் புகழ் சேர்த்துக்கொடுத்தது இந்தப் புகையிரதத்துக்குத்தான். 1883 ஆம் ஆண்டின் புகையிரதத்துக்கு அல்ல. நாவலின் செல்வாக்கினால், ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் என்றதும் வெல்வெட் ஆசனங்களும் வைரமாலைகளுமே நினைவுக்கு வருகின்றன.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்னரான பயணிகள் வேறு வகையினர். 1961 இல் மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் தொழிலாளர் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், இஸ்தான்புல்லின் சிர்கேசி நிலையத்திலிருந்து விசேட புகையிரதங்களில் ஏற்றப்பட்ட ஆயிரக்கணக்கான துருக்கியர்கள் மியூனிக் நிலையத்தின் 11 ஆவது மேடையில் இறங்கினார்கள். மன்னர்களும் இராஜதந்திரிகளும் சென்ற பாதையில், கையில் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் தொழிலாளர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். அவர்களைப் பற்றி எவரும் துப்பறியும் நாவல் எழுதவில்லை.

எமது மக்களுக்கும் இந்தத் தண்டவாளங்களுடன் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து தப்பியோடிய தமிழர்களில் கணிசமானோர் கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, பிரெட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் நகரப் புகையிரதமேறி, மேற்கு பெர்லினில் இறங்கித் தஞ்சம் கோரினர். கிழக்கு ஜேர்மனி அவர்களைத் தடுக்கவில்லை. பெர்லின் முழுவதும் ஒரே நகரம் என்ற நிலைப்பாட்டைக் கொண்டிருந்த மேற்கு, அந்த எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை நடத்தினால் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இரு அரசுகளின் பிடிவாதங்களுக்கு இடையில் ஒரு வழி திறந்திருந்தது. 1985 இல் பேரம் பேசி அதை எமது மக்களுக்கு அடைத்தார்கள். அடுத்த வருடம் ஏனையோருக்கும் அடைத்தார்கள்.

மீண்டும் இஸ்தான்புல் பாதைக்கு வருவோம். 1962 இல் சிம்ப்லொன் சேவை நிறுத்தப்பட்டு, அதனிடத்தில் வேகம் குறைந்த ஒரு சேவை வந்தது. 1977 மே 19 ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அதுவும் பாரிஸிலிருந்து கடைசித் தடவையாகப் புறப்பட்டது. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் எஞ்சியிருந்த மற்றைய சேவை படிப்படியாகக் குறுகியது. 2001 இல் வியன்னாவுடன் நின்றது. 2007 இல் பிரான்ஸின் கிழக்குப் பகுதிக்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டதும் பாரிஸையும் இழந்து, ஸ்ட்ராஸ்பேர்க்கிலிருந்து மாத்திரம் ஓடியது. 2009 டிசெம்பரில் முற்றாக மறைந்தது.

விமானமே புகையிரதத்தைக் கொன்றது என்பது பொதுவான அபிப்பிராயம். அது முழு உண்மையல்ல என்பதே எனது எண்ணம். ஐரோப்பிய ஒன்றியம் 1990களில் வான்வெளியைத் தாராளமயமாக்கியதும் மலிவு விமான சேவைகள் பெருகின என்பது சரியே. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கு வரியில்லை, பயணச்சீட்டுக்குப் பெறுமதி சேர் வரியில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால், புகையிரத நிர்வாகங்களும் சளைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தனது அதிவேகப் பாதைகளை அமைத்தது. நாகல்மாக்கர்ஸின் கம்பனி எல்லா நாடுகளுக்கும் ஒரே சீட்டை விற்றது. இன்று லண்டனிலிருந்து வார்சோவுக்குச் செல்ல விரும்புபவர் பெரும்பாலும் தனித்தனிச் சீட்டுகளை வாங்கவேண்டியிருக்கிறது. ஒரு புகையிரதம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பேற்பதற்கு எவருமில்லை. மின்சாரமும் ஒன்றல்ல. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் 15,000 வோல்ட், இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட், பிரான்ஸில் இரண்டு வகை. 1883 இன் நீராவி இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

கால்வாய்ச் சுரங்கத்தின் கதை இதைவிட மோசம். 1936 முதல் 1980 வரை லண்டனில் படுக்கைப் பெட்டியில் ஏறியவர், பெட்டியோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றப்பட்டு, பாரிஸில் கண்விழிக்கலாம். 1994 இல் 50 கிலோமீற்றர் சுரங்கம் திறக்கப்பட்டதும் பிரித்தானியாவின் தூர நகரங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு இரவுப் புகையிரதங்களை ஓடவிடுவதென்று புதிய பெட்டிகளைக் கட்டினார்கள். ஒரு பயணியும் ஏறவில்லை. செலவுக் கணக்கைப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டு, 2000 ஆம் ஆண்டில் அந்தப் பெட்டிகளைக் கனடாவுக்கு விற்றுவிட்டார்கள். கடல் குறுக்கிட்ட காலத்தில் ஓடிய படுக்கைப் பெட்டி, கடலுக்கடியில் பாதை வந்த பிறகு ஓடவில்லை.

2016 டிசெம்பரில் ஜேர்மன் புகையிரத நிறுவனம் தனது இரவுச் சேவைகளைக் கைவிட்டது. ஒஸ்திரியர்கள் அவற்றில் ஒரு பகுதியைத் துணிந்து பொறுப்பேற்றார்கள். விமானத்தில் பறப்பதற்கு வெட்கப்படுவதைக் குறிக்கும் ஒரு சொல் சுவீடனில் பிறந்து பரவியதும், 2019 ஜனவரியில் கிரேட்டா துன்பேர்க் டாவோஸ் மாநாட்டுக்கு 30 மணித்தியாலங்களுக்கும் மேலாகப் புகையிரதத்தில் சென்றதும் அவர்களுக்குச் சாதகமாயின. ஆனால், பாரிஸ் சேவைகளுக்கு நேர்ந்ததை ஆரம்பத்தில் பார்த்தோம். பயணிகளின் நல்லெண்ணம் ஒரு படுக்கையை நிரப்பலாம். எல்லைக்கு அப்பாலுள்ள நிதியமைச்சை இணங்கவைக்க அதனால் இயலாது.

கிழக்கே நிலைமை வேறு. 2020 மார்ச் வரை மொஸ்கோவிலிருந்து பாரிஸுக்கு நேரடிப் புகையிரதம் ஓடியது. பெருந்தொற்றினால் நின்ற அது பின்னர் மீளவில்லை. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரெய்ன் மீது படையெடுத்தபோது உக்ரெய்னின் வான்வெளி மூடப்பட்டது. அதன்பின் அந்த நாட்டுக்குச் செல்ல விரும்பிய அரசுத் தலைவர்களில் அநேகருக்குப் போலந்தின் எல்லை நகரான பிஷெமிஷல் வரை சென்று இரவுப் புகையிரதம் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2022 மார்ச்சில் போலந்து, செக், ஸ்லோவேனியப் பிரதமர்கள் அவ்வாறு சென்றார்கள். 2023 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி பைடனும் தனது விமானத்தைப் போலந்தில் நிறுத்திவிட்டு அந்தப் பாதையிலேயே புறப்பட்டார். கியேவைச் சென்றடைய ஏறத்தாழ பத்து மணித்தியாலங்கள் பிடித்தன.