ஆனந்தின் வெற்றியும் மலையகத்தின் தேவையும்

உலக வெற்றியாளர் ஒருவரின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக மட்டும் எழுதிவிடுவது எளிது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் வாழ்வோ அம்மேதைமைக்கு இடமளித்த சூழலையும் சேர்த்து நோக்குமாறு வேண்டுகின்றது. அந்நோக்கு மலையகத் தமிழருக்கும் பயனுடையதாகும்.

1969இல் மயிலாடுதுறையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த ஆனந்த், ஆறாவது வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டத்தைக் கற்றார். பின்னர் தால் சதுரங்கக் கழகத்திற் சேர்ந்தார். இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரான மனுவேல் ஆரன், 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் நிறுவிய கழகம் அது. அங்கு துரித ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். பலகையை விட்டு எழ விரும்பாத சிறுவர், விரைந்து சிந்திக்கப் பழகினார்.

1987இல் உலக இளையோர் பட்டத்தையும் 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டர் என்ற தகுதியையும் அவர் பெற்றார். 1995இல் நியூயோர்க்கில் காஸ்பரோவிடம் தோற்றபோதிலும் தளர்ந்தாரல்லர். 2000இல் ஷிரோவை வென்று உலகப் பட்டத்தை எய்தினார். 2007இல் அதனை மீண்டும் பெற்று, 2008இல் கிராம்னிக், 2010இல் தோப்பலோவ், 2012இல் கெல்பாண்ட் ஆகியோரை வென்று காத்தார். 2013இல், தாம் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனிடம் அதனை இழந்தார்.

எனினும் அவரது மரபு அத்தோல்வியோடு முடியவில்லை. 1988இல் ஒருவராக இருந்த இந்தியக் கிராண்ட் மாஸ்டர்கள் இன்று எண்பதுக்கும் மேற்பட்டோராவர். 2024இல் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற சென்னையைச் சேர்ந்த குகேஷ், ஆனந்தின் வழிகாட்டலைப் பெற்றவர். ஆரன் அமைத்த கழகம் ஆனந்துக்குப் பயன்பட்டவாறே, ஆனந்தின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் பயன்பட்டது.

ஆனந்த் கழகத்தில் ஆடிப் பழகிய காலத்தில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் 1970களிலேயே. நாடற்ற நிலையை நீக்கும் சட்டமோ 2003இலேதான் வந்தது. இங்கு குறைந்திருந்தது அறிவாற்றலன்று. அது வளர்வதற்கான இடமும் தொடர்ச்சியுமே.

சதுரங்கத்துக்குப் பரந்த மைதானம் வேண்டியதில்லை. மாலையில் திறந்திருக்கும் ஓர் அறை, சில பலகைகள், தவறிய நகர்வை விளக்கவல்ல மூத்த ஆட்டக்காரர் ஒருவர் போதும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர், விடுமுறைக் காலங்களில் தத்தம் பாடசாலைகளில் இப்பணியைத் தொடங்கலாம். ஆனந்தின் வரலாற்றிலிருந்து மலையகம் கொள்ளத்தக்க பயன் இதுவேயாகும்.