கால் சதவீதத்தின் பயணம்

1905 பிப்ரவரியில் சண்டர்லாந்தின் ஆல்ஃப் காமனை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒரு ஆட்டக்காரருக்கு இவ்வளவா என்று இங்கிலாந்தே வாதாடியது. அந்தப் பணம் விற்ற கிளப்போடு நின்றுவிட்டது. சிறுவயதில் அவருக்குப் பந்தைப் பழக்கியவர்களுக்கு அதில் பங்கில்லை.

1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக் கூடாது. வீரர்களுக்கு அது விடுதலை. வளர்த்துவிட்ட சின்ன கிளப்புகளுக்கு இழப்பு. 2001-ல் ஃபிஃபா ஒரு விதி கொண்டுவந்தது. கால்பந்துப் பணத்தில் ஆக நியாயமான விதி இதுதான் என்பேன். ஒப்பந்தத்தின் நடுவே வீரர் நாடு மாறினால், தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதன்பின் அரை. 2017-ல் பாரிஸ் கிளப் நெய்மாருக்கு 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்தபோது, பிள்ளையாய் அவர் ஆடிய பிரேசிலின் சாண்டோஸுக்குச் சேர வேண்டிய பங்கு ஏறக்குறைய 4 சதவீதம்.

தொகை வீங்க வீங்க கடிவாளமும் வந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ இப்போது சம்பளம், டிரான்ஸ்ஃபர், ஏஜென்ட் செலவு எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வாங்கிய விலை கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரிந்து விழும். அதனால் இங்கிலாந்தின் செல்சீ எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. உடனே ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாதென்று விதி மாறியது. இங்கிலாந்து லீக் தனியே வைத்த நட்ட வரம்பை மீறிய எவர்ட்டனுக்கு 2023-ல் 10 புள்ளிகள் வெட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இத்தனை கண்காணிப்பும் செலவழிக்கும் கிளப்பின் மீதுதான்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். குமரி மாவட்டக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலிருந்து 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019-ல் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். இரண்டாவது மாற்றத்துக்குப் பத்திரிகைகள் எழுதிய தொகை 90 லட்சம் ரூபாய். கொடுத்ததும் வாங்கியதும் இந்தியக் கிளப்புகளே, ஃபிஃபாவின் 5 சதவீதம் அதைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் இந்திய சூப்பர் லீக் தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம். ஒரு காலை நம்பி வந்த தொகை எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது! பந்து பழகிய மணலுக்கும் அதில் கொஞ்சம் வந்திருக்கக் கூடாதா என்று மனம் கேட்கிறது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. அங்கே ஒரு பையன் 12 முதல் 15 வயது வரை ஊர்க் கிளப்பில் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் ஒரு வெளிநாட்டுக் கிளப் அவனை 10 கோடி ரூபாய்க்கு எடுத்தால், நான்கு கால் சதவீதம், 10 லட்சம் ஊருக்கு உரியது. கோல் வலை, பூட்ஸ், பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் என்று அது எத்தனை ஆண்டுக்கு வரும்! 2022 நவம்பர் முதல் பாரிஸில் ஃபிஃபாவின் தீர்வகம் இந்தப் பங்கைக் கணக்கிட்டு அனுப்புகிறது. அது பார்ப்பது பதிவேட்டை மட்டுமே. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் கிளப்பைச் சேர்த்து, பிறப்புச் சான்றோடு பையனின் பெயரை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். அதுவும் 12 வயதிலேயே. சென்னைக்குத் தேர்வுக்குக் கிளம்பும் 18 வயதில் ஏற்றினால், ஊரில் ஆடிய அந்த நான்கு ஆண்டுக்கும் பங்கு கேட்க வழியில்லை.