பள்ளித் துப்பாக்கிச்சூடுகள்: அமெரிக்கர்களின் கோபம் எப்போது சட்டமாகிறது?

அமெரிக்காவில் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தால், அதைத் தொடரும் காட்சிகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகின்றன. மெழுகுவர்த்தி ஏந்திய அஞ்சலிக் கூட்டங்கள், தலைவர்களின் இரங்கல் அறிக்கைகள், கடுமையான சட்டம் கோரும் பேரணிகள், துப்பாக்கி உரிமையைக் காக்கக் கோரும் எதிர்க்குரல்கள், சில வாரங்களில் அமைதி. "இந்த முறையாவது ஏதேனும் மாறுமா?" என்ற கேள்வி கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு கேட்கப்பட்டு வருகிறது.

அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. சில துயரங்கள் சட்டங்களாக மாறின, பல மாறவில்லை. கோபம் தணிந்த பின்னரும் களத்தில் நின்றவர்கள் யார், அவர்கள் எந்த அவையை நாடினர் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்துள்ளது.

அரசியல் சாசனம் வழங்கும் உரிமை

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமை பறிக்கப்படக் கூடாது என்கிறது அத்திருத்தம். குடிப்படைக்கான உரிமையா, தனிநபருக்கான உரிமையா என்ற நீண்டகால விவாதத்துக்கு 2008-ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் விடையளித்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிநபரின் உரிமை என்று அத்தீர்ப்பு கூறியது. அந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க அரசின் உரிமம் தேவை. அமெரிக்காவிலோ தொடக்கப்புள்ளியே உரிமைதான். கட்டுப்பாடு கோருபவர்கள்தான் அதற்கான நியாயத்தை நிறுவ வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் அங்கு நிகழும் விவாதம் விளங்கும்.

ஜெனீவாவைச் சேர்ந்த 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள் உள்ளன. அதாவது, மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம்.

கொலம்பைன் முதல் வர்ஜீனியா டெக் வரை

கொலராடோ மாகாணத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று இரு மாணவர்கள் நடத்திய தாக்குதலில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றைய தினம் உயிரிழந்தனர். அடுத்த மாதமே துப்பாக்கிக் கண்காட்சிகளில் நடைபெறும் விற்பனைக்குப் பின்னணி சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் திருத்தம், துணை அதிபர் அல் கோர் அளித்த தீர்மானிக்கும் வாக்கால் செனட் அவையில் நிறைவேறியது. எனினும், பிரதிநிதிகள் சபையைக் கடக்க முடியாமல் அம்முயற்சி முடங்கியது.

வாஷிங்டனில் நடக்காதது கொலராடோவில் நடந்தது. 2000 நவம்பரில் இதே கோரிக்கை மாகாண மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது சுமார் 70 சதவீதத்தினர் ஆதரித்தனர். தேசிய அளவில் தோற்பதும் மாகாண அளவில் வெல்வதும் பின்னாளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட போக்காக அமைந்தது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் கோபிசெட்டிபாளையத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பொறியியல் பேராசிரியர் ஒருவரும் மும்பையைச் சேர்ந்த மாணவி ஒருவரும் அடங்குவர். தாக்குதல் நடத்தியவருக்கு மனநல சிகிச்சை அளிக்குமாறு நீதிமன்றம் முன்பே உத்தரவிட்டிருந்தும், அந்த விவரம் சரிபார்ப்புத் தரவுத்தளத்தில் சேர்க்கப்படாததால் அவரால் கடையில் துப்பாக்கி வாங்க முடிந்தது. இக்குறையைச் சரிசெய்யும் மத்திய சட்டம் 2008 ஜனவரியில் கையெழுத்தானது. துப்பாக்கி உரிமை அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கமும் அதை எதிர்க்கவில்லை.

சாண்டி ஹூக்: 54 வாக்குகளும் போதவில்லை

கனெக்டிகட் மாகாணத்தின் நியூடவுன் நகரிலுள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று ஆறு, ஏழு வயதுடைய 20 குழந்தைகளும் பணியாளர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்டனர். நாடு முழுவதும் எழுந்த அதிர்ச்சி இதற்கு முன் காணப்படாதது. தாக்குதலுக்கு மறுநாளே ஒரு தாய் சமூக ஊடகத்தில் தொடங்கிய குழு, 'மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்' என்ற தேசிய இயக்கமாக வளர்ந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து முறையிட்டனர்.

இணையவழி விற்பனைக்கும் கண்காட்சி விற்பனைக்கும் பின்னணி சரிபார்ப்பை விரிவுபடுத்தும் இரு கட்சித் திருத்தம் 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 54 வாக்குகளும் எதிராக 46 வாக்குகளும் பதிவாயின. பெரும்பான்மை கிடைத்தும் திருத்தம் தோற்றது. விவாதத்தை முடித்து மசோதாவை முன்னெடுக்க 100 உறுப்பினர் கொண்ட செனட்டில் பொதுவாக 60 பேரின் ஆதரவு தேவை என்பதே காரணம். மேலும், சுமார் 3.9 கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் வயோமிங்கிற்கும் தலா இரண்டு செனட் இடங்களே உள்ளன. துப்பாக்கி வைத்திருப்பது அன்றாட வழக்கமாக உள்ள ஊரக மாகாணங்களின் குரல் அங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட வலுவாக ஒலிக்கிறது.

அதே காலத்தில் நியூயார்க், கனெக்டிகட், மேரிலாந்து, கொலராடோ மாகாணங்கள் தங்கள் சட்டங்களைக் கடுமையாக்கின. இதற்கு எதிர்வினையும் எழுந்தது. கொலராடோவில் அச்சட்டங்களை ஆதரித்த செனட்டர்கள் இருவரை 2013 செப்டம்பரில் வாக்காளர்கள் திரும்ப அழைக்கும் தேர்தல் மூலம் பதவியிலிருந்து நீக்கினர்.

பார்க்லேண்ட்: மாணவர்களே வீதிக்கு வந்தபோது

ஃபுளோரிடா மாகாணத்தின் பார்க்லேண்ட் நகரில் 2018 பிப்ரவரி 14 அன்று 14 மாணவர்களும் பணியாளர்கள் மூவரும் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய மாணவர்கள் சில நாள்களிலேயே மாகாணத் தலைநகர் டல்லஹாசிக்குச் சென்று சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் கேள்வி கேட்டனர். மார்ச் 14 அன்று நாடு முழுவதும் மாணவர்கள் வகுப்புகளிலிருந்து வெளியேறி, உயிரிழந்த 17 பேரின் நினைவாக 17 நிமிடங்கள் போராட்டம் நடத்தினர். மார்ச் 24 அன்று வாஷிங்டனிலும் பிற நகரங்களிலும் 'மார்ச் ஃபார் அவர் லைவ்ஸ்' பேரணிகள் நடைபெற்றன.

துப்பாக்கி உரிமைக்கு ஆதரவான மாகாணமாக அறியப்பட்ட ஃபுளோரிடாவில், தாக்குதல் நடந்த 23 நாள்களில் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். ரைஃபிள் உள்ளிட்ட எந்தத் துப்பாக்கியையும் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21 ஆனது. ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரின் துப்பாக்கிகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் தற்காலிகமாகக் கையகப்படுத்தும் 'ரெட் ஃபிளாக்' முறையும் அறிமுகமானது. பயிற்சி பெற்ற பள்ளிப் பணியாளர்கள் சிலர் ஆயுதம் ஏந்தவும் அதே சட்டம் வழிவகுத்தது. பார்க்லேண்ட் தாக்குதலுக்கு முன் ஐந்து மாகாணங்களில் மட்டுமே இருந்த 'ரெட் ஃபிளாக்' சட்டம் தற்போது 20-க்கும் மேற்பட்ட மாகாணங்களில் உள்ளது.

யுவால்டி: 77 நிமிடங்களின் கேள்வி

டெக்சாஸ் மாகாணத்தின் யுவால்டி நகரிலுள்ள ராப் தொடக்கப் பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் ஆசிரியைகள் இருவரும் கொல்லப்பட்டனர். துப்பாக்கிதாரி 18 வயது நிரம்பியதும் சட்டப்படியே ரைஃபிள் வாங்கியிருந்தார். மொத்தம் 376 காவலர்கள் அங்கு திரண்டிருந்தும், துப்பாக்கிதாரியை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. உள்ளே செல்லுமாறு பெற்றோர் பள்ளிக்கு வெளியே நின்று காவலர்களிடம் மன்றாடிய காட்சிகள் நாட்டை உலுக்கின. ஆயுதம் ஏந்திய காவலர்கள் இருந்தால் பிள்ளைகள் காப்பாற்றப்படுவர் என்ற வாதத்தையும் அக்காட்சிகள் கேள்விக்குள்ளாக்கின.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 2022 ஜூன் 25 அன்று, இரு கட்சிகளின் ஆதரவுடன் நிறைவேறிய பாதுகாப்பான சமூகங்களுக்கான சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சரிபார்ப்பு, 'ரெட் ஃபிளாக்' திட்டங்களுக்கும் மனநல சேவைகளுக்கும் நிதி ஆகியவை அதில் இடம்பெற்றன. செனட்டில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 15 பேர் ஆதரவாக வாக்களித்தனர். சுமார் 28 ஆண்டுகளில் நிறைவேறிய முதல் முக்கிய மத்திய துப்பாக்கிச் சட்டம் இதுவாகும். இதற்கான பேச்சுவார்த்தையில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் முன்னின்ற செனட்டர் கிறிஸ் மர்ஃபி, சாண்டி ஹூக் தாக்குதலின்போது நியூடவுன் நகரை உள்ளடக்கிய தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர். ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் இக்கோரிக்கையைக் கைவிடவில்லை.

டெக்சாஸிலோ யுவால்டி பெற்றோர் கோரியபடி ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் மசோதா, 2023-இல் சட்டமன்றக் குழுவைக் கடந்தும் அவையின் வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய அலுவலர் இருக்க வேண்டும் என்ற சட்டமே அங்கு நிறைவேறியது.

மறுதரப்பின் வாதம்

துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களும் இத்துயரங்களுக்கு எதிர்வினையாற்றுகின்றனர். அவர்கள் முன்வைக்கும் தீர்வு வேறு. குற்றவாளிகள் சட்டத்தை மதிப்பதில்லை என்பதால் கட்டுப்பாடுகள் நேர்மையானவர்களையே பாதிக்கும் என்பது அவர்களது முதன்மை வாதம். மனநலப் பராமரிப்பு, பள்ளி நுழைவாயில்களின் பாதுகாப்பு, ஆயுதம் ஏந்திய காவலர்கள் ஆகியவற்றை அவர்கள் வலியுறுத்துகின்றனர். சாண்டி ஹூக் தாக்குதலுக்கு ஒரு வாரத்துக்குப் பின், ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதக் காவலர் தேவை என்று தேசிய ரைஃபிள் சங்கம் கோரியது. புதிய கட்டுப்பாடுகள் வரக்கூடும் என்ற அச்சத்தால் பெரும் தாக்குதல்களுக்குப் பின் துப்பாக்கி விற்பனை உயர்வதும் வழக்கமாகியுள்ளது.

டென்னசி மாகாணத்தின் நாஷ்வில் நகரப் பள்ளியில் 2023 மார்ச் மாதம் மூன்று குழந்தைகள் உள்பட ஆறு பேர் கொல்லப்பட்டனர். கட்டுப்பாடு கோரி அவையில் போராட்டம் நடத்திய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இருவர் சட்டமன்றத்திலிருந்து நீக்கப்பட்டனர். சில நாள்களில் உள்ளாட்சி அமைப்புகள் அவர்களை மீண்டும் நியமித்தன. மறு ஆண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிக்குள் மறைவாகத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது.

கருத்துக்கணிப்புகள் காட்டும் ஏற்ற இறக்கம்

பொதுமக்களின் மனநிலை எவ்வாறு எழுந்து தணிகிறது என்பதைக் கேலப் நிறுவனத்தின் கணிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. துப்பாக்கி விற்பனைச் சட்டங்கள் மேலும் கடுமையாக வேண்டும் என்றோர் 2011-இல் 43 சதவீதம். சாண்டி ஹூக் தாக்குதலுக்குப் பின் அது 58 ஆக உயர்ந்தது. 2013 அக்டோபரில் 49 ஆகக் குறைந்தது. பார்க்லேண்ட் தாக்குதலுக்குப் பின் 67 ஆகி, அதே ஆண்டு அக்டோபரில் 61 ஆனது. யுவால்டிக்குப் பின் 66 ஆகி, நான்கே மாதங்களில் 57 ஆனது.

அலை ஒவ்வொரு முறையும் தணிகிறது. ஆயினும், 2011-ஆம் ஆண்டின் தாழ்ந்த நிலைக்கு அது திரும்பவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பின்னணி சரிபார்ப்பை விரிவுபடுத்துவது போன்ற குறிப்பிட்ட நடவடிக்கைகளுக்குப் பல கணிப்புகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரவு தெரிவித்துள்ளனர். துப்பாக்கி வைத்திருப்போரில் பெரும்பான்மையினரும் அவர்களுள் அடங்குவர்.

பள்ளிக்குச் செல்லும் தலைமுறையின் அச்சம் வேறு வகையானது. பியூ ஆய்வு மையம் 2018-இல் நடத்திய கணிப்பில், தங்கள் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நிகழக்கூடும் என்று கவலைப்படுவதாகப் பதின்ம வயதினரில் 57 சதவீதத்தினர் தெரிவித்தனர். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஓசையின்றிப் பதுங்கும் ஒத்திகை பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது.

நீதிமன்றங்களின் வழியே

சட்டமன்றங்களில் கதவு அடைபட்டபோது குடும்பங்கள் நீதிமன்றங்களை நாடின. துப்பாக்கித் தயாரிப்பாளர்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு பாதுகாப்பு அளித்தபோதும், விளம்பர முறையைக் காரணமாகக் காட்டி வழக்குத் தொடுத்த சாண்டி ஹூக் குடும்பங்களுக்கு ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்கள் 7.3 கோடி டாலர் வழங்க 2022-இல் உடன்பட்டனர். அத்தாக்குதலே நாடகம் என்று பரப்பிய ஒளிபரப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் மீதான அவதூறு வழக்குகளில் அதே ஆண்டு சுமார் 150 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அதன் ஒரு பகுதி குறைக்கப்பட்டது.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021-இல் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுச் சிறுவனின் பெற்றோர் இருவருக்கும் 2024-இல் தலா 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளை நடத்திய பள்ளித் தாக்குதலுக்காகப் பெற்றோர் மீது கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

நீதிமன்றங்கள் மறுதிசையிலும் செயல்படுகின்றன. மத்திய சட்டம் கையெழுத்தாவதற்கு இரு நாள்களுக்கு முன், பொது இடங்களில் துப்பாக்கி ஏந்திச் செல்லும் உரிமையை விரிவுபடுத்தி உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாகாணங்களில் அனுமதிச் சீட்டின்றியே மறைவாகத் துப்பாக்கி கொண்டு செல்லலாம். 2025 பிப்ரவரியில் அதிபர் டொனால்ட் டிரம்ப், முந்தைய அரசின் துப்பாக்கி விதிமுறைகளை மறுஆய்வு செய்ய உத்தரவிட்டார்.

அமெரிக்காவில் 2023-இல் துப்பாக்கியால் உயிரிழந்தோர் சுமார் 46,700 பேர். இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். பள்ளித் தாக்குதல்களின் பங்கு மிகச் சிறியது. ஆயினும், 2020 முதல் ஒன்று முதல் 19 வயது வரையிலானோரின் மரணங்களுக்கு முதன்மைக் காரணமாகத் துப்பாக்கியே உள்ளது. விவாதத்தை மீண்டும் மீண்டும் தொடங்கி வைப்பவை பள்ளித் தாக்குதல்கள்தான் என்றாலும், அதன் முடிவு தொடுவது இந்த எண்ணிக்கை முழுவதையும்.