அம்புக்குறிக்கு முன்னால் நடந்த சண்டை

உயர்தர உயிரியல் படித்த ஆக்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலை, அதன் மேல் புள்ளி புள்ளியாக இறைபோசோம்கள், அங்கிருந்து ஒரு அம்புக்குறி. பிறகு அடுக்கிவைத்த தோசை மாதிரி ஒரு கொல்கி உபகரணம், இன்னொரு அம்புக்குறி, கலத்தின் விளிம்பில் ஒரு சின்னப் புடகம். புரதம் இப்படித்தான் வெளியே போகிறது என்று பாடமாக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தத் தோசை அடுக்கு உண்மையில் இருக்கிறதா என்றே விஞ்ஞானிகள் ஏறத்தாழ ஐம்பது வருசம் சண்டை பிடித்தார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தொடங்கிவைத்தவர் இத்தாலியரான கமில்லோ கொல்கி. 1873இல் அவர் அபியத்தெகிராசோ என்ற சிற்றூரில், தீராத நோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தார். அங்கே ஒரு குசினியைத்தான் ஆய்வுகூடமாக்கி வைத்திருந்தார். இழையத்தைப் பொட்டாசியம் இருகுரோமேற்றில் ஊறவிட்டு, பிறகு வெள்ளி நைத்திரேற்றில் போட்டால் அங்கொன்று இங்கொன்றாகச் சில நரம்புக் கலங்கள் மட்டும் கன்னங்கரேலென்று முழுசாகத் தெரிந்தன. இந்த முறையைத் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1898இல் ஆந்தையின் நரம்புக் கலங்களுக்குள்ளே ஒரு வலை தெரிந்தது. 'உள்வலை உபகரணம்' என்று பெயர் வைத்தார்.

மூளை முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்றும் கொல்கி நம்பினார். அது பிழை. நரம்புக் கலங்கள் தனித்தனி என்று சொன்ன ஸ்பானியர் கஹாலும் அவரும் 1906இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அந்த மேடையிலும் கொல்கி தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய வலையில் தோற்றவர் சின்ன வலையில் வென்றார். ஆனால் அந்த வெற்றியைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1926இலேயே இறந்துவிட்டார்.

பிரச்சினை எங்கே என்றால், வெள்ளிச் சாயம் ஒருநாள் பிடிக்கும், இன்னொருநாள் பிடிக்காது. உயிருள்ள கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்த வலையைக் காண்பதே கஷ்டம். அப்படியென்றால் அது கலத்தில் இருப்பதா, இல்லை சாயம் போட்டதால் உண்டானதா? கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்ட கனபேரில் நியூயோர்க் றொக்பெல்லர் நிறுவனத்தின் அல்பேர்ட் குளோடும், ருமேனியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஜோர்ஜ் பலாடேயும் இருந்தார்கள். கலத்திலுள்ள கொழுப்புத் துளிகளில் மதுசாரம் பட்டால் அவை சுருண்டு வலை மாதிரி உருவங்களாகின்றன என்று காட்டி, கொல்கி உபகரணம் வெறும் தயாரிப்புக் கோளாறு என்று 1949இல் எழுதினார்கள்.

ஐந்து வருசம்தான். 1954இல் டால்ற்றனும் பெலிக்ஸும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதைக் காட்டினார்கள். வெள்ளிச் சாயம் இல்லை. தட்டையான பைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரத்தில் குட்டிப் புடகங்கள். எந்தக் கலத்தைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே வடிவம். இனி மறுக்க ஏலாது.

சரி, இருக்கிறது. ஆனால் என்ன வேலை செய்கிறது? செத்த கலத்தின் படத்தில் அசைவு தெரியாதே. இந்த இடத்தில் பலாடே செய்தது எங்களுக்கு மிகவும் பிடித்தது. சமிபாட்டு நொதியங்களைக் கட்டுக்கட்டாகச் செய்து வெளியே விடும் சதையியை அவர் தெரிந்தெடுத்தார். கினிப்பன்றியின் சதையித் துண்டுகளுக்கு மூன்று நிமிடம் மட்டும் கதிர்த்தொழிற்பாடுள்ள லியூசினைக் கொடுப்பது. பிறகு சாதாரண லியூசினை நிறையக் கொடுப்பது. அந்த மூன்று நிமிடத்தில் செய்த புரதங்களில் மட்டும் அடையாளம் இருக்கும். வெவ்வேறு நேரங்களில் துண்டுகளை எடுத்து, மெல்லியதாகச் சீவி, மேலே புகைப்படப் பூச்சுப் பூசி இருட்டில் வைத்தால், கதிர் பட்ட இடங்களில் வெள்ளி மணிகள் கறுப்பாகத் தெரியும். (திரும்பவும் வெள்ளிதான்!)

ஜேமிசனும் பலாடேயும் 1967இல் வெளியிட்ட முடிவு இது: முதலில் மணிகள் சிறுவலையின் மேல். பத்து நிமிடமளவில் கொல்கியின் ஓரப் புடகங்களில். நாற்பது நிமிடமளவில் கொல்கிக்குப் பக்கத்தில் புரதம் செறிகிற பெரிய பைகளில். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறக் காத்திருக்கும் மணியுருக்களில். பாடப்புத்தகத்தின் அம்புக்குறி என்பது இந்த நேர அட்டவணைதான். இல்லை என்று எழுதிய அதே மனிசர்தான் அதன் வழியாகப் போகும் சரக்கைப் பின்தொடர்ந்து காட்டினார். 1974இல் பலாடே, குளோட், டி டூவ் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். எந்தப் புரதம் சிறுவலைக்குள் நுழைய வேண்டும் என்பதைப் புரதத்தின் தொடக்கத்திலுள்ள ஒரு துண்டே சொல்கிறது என்று குந்தர் புளோபல் காட்டினார். 1999இல் கிடைத்த பரிசுப் பணத்தை, சிறுவனாகத் தான் பார்த்த, 1945 குண்டுவீச்சில் அழிந்த டிரெஸ்டன் நகரத்தைத் திரும்பக் கட்டக் கொடுத்தார். இழந்த ஊர்களைத் தெரிந்த எங்களுக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ராண்டி ஷெக்மன் பாண் போடுகிற மதுவத்தை எடுத்தார். 25 பாகை செல்சியசில் ஒழுங்காக இருந்து, 37 பாகையில் புரதத்தை வெளியே அனுப்ப முடியாமல் திணறும் விகாரிகளைத் தேடினார். 1980 அளவில் 23 பரம்பரையலகுகள் அகப்பட்டன. ஒன்று பழுதானால் சரக்கு சிறுவலையில் தேங்குகிறது, இன்னொன்று பழுதானால் கொல்கியில், வேறொன்று பழுதானால் புடகத்தில். எந்த இடத்தில் தேங்குகிறது என்று ஒழுங்குபடுத்தினால் பலாடேயின் அதே பாதை வந்தது, கதிர்த்தொழிற்பாடு இல்லாமலே. பாலூட்டிக் கலங்களிலிருந்து ஜேம்ஸ் றொத்மன் பிரித்தெடுத்த புரதம் ஒன்றும் மதுவத்தின் விகாரி ஒன்றும் ஒரே பரம்பரையலகின் சொந்தக்காரராக இருந்தன. சூட்ஹோவ்வோடு சேர்ந்து இவர்களுக்கு 2013இல் நோபல்.

ஆனாலும் கொல்கிக்குள்ளே என்ன நடக்கிறது என்ற சண்டை முடியவில்லை. பைகள் அசையாமல் நிற்க, புடகங்கள் சரக்கை ஒன்றிலிருந்து மற்றதற்குக் காவுகின்றன என்றது ஒரு கட்சி. இல்லை, பையே முதிர்ந்து முன்னால் நகர்கிறது என்றது மற்றக் கட்சி. 2006இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் உயிருள்ள மதுவக் கலத்தில் பைகளுக்கு நிறம் கொடுத்துப் பார்த்தன. ஒரு நிறத்தில் இருந்த பை கண்முன்னாலேயே மற்ற நிறத்துக்கு மாறியது. மதுவத்துக்கு இது சரி. எங்கள் கலங்களில் எல்லாச் சரக்கும் இப்படியேதான் போகிறதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.